தேக்குக்குள் இருந்த குண்டு

பானுப்ரியாவுக்குத் திமிர் அதிகம் என்று முத்தையாபுரத்தில் சொல்வார்கள். இருக்கட்டுமே. எங்கள் டீக்கடைக்கு எதிரே இருக்கும் மர அறுவை மில்லில் இத்தனை வருஷம் மரத்தூள் அள்ளி, பலகை சுமந்தவளுக்குத் திமிர் இல்லாமல் வேறு யாருக்கு இருக்க வேண்டும்?

எட்டயபுரத்துப் பக்கம் பிறந்தவள். சின்ன வயதிலேயே தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனவள். பாண்டியராஜைக் கட்டிக்கொண்டு இங்கே வந்த பிறகுதான், ஹார்பரில் வந்து இறங்கும் வெளிநாட்டு மரங்களைப் பார்த்தாள். அவன் மில்லில் மெஷின் ஓட்டினான். ஒவ்வொரு தடியை அறுக்கும்போதும் உள்ளே என்ன இருக்கிறது என்று இவள் எட்டிப் பார்ப்பாள். ஒன்றில் மரமே விழுங்கி வைத்திருந்த கூழாங்கல். இன்னொன்றில் முள்கம்பி. வேறொன்றில் காய்ந்துபோன தேன்கூடு. எல்லாவற்றையும் போனில் பிடித்து இன்டர்நெட்டில் போடுவாள். துபாயிலிருந்தெல்லாம் ஆட்கள் பார்த்தார்கள்.

"எக்கா, இம்புட்டுப் பெரிய கல்லை மரம் எப்படி முழுங்கிருக்கும்?" என்று என்னைக் கேட்பாள். எனக்கென்ன தெரியும்? நான் இஞ்சி தட்டிக்கொண்டிருப்பேன்.

போன ஐப்பசியில் ஆப்பிரிக்கத் தேக்கு ஒன்று மெஷினில் ஏறியது. பாதி அறுக்கும்போது டமார் என்று ஒரு சத்தம். பிளேடு அறுந்து தெறித்துப் பாண்டியராஜின் வலது கையில் இரண்டு விரல்களைக் கொண்டுபோய்விட்டது. தடியைப் பிளந்து பார்த்தால் உள்ளே துப்பாக்கிக் குண்டு. எந்த நாட்டில் யார் யாரைச் சுட்டதோ, அது மரத்தில் தங்கிக் கப்பலேறி இவன் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

மில்களில் ஒரு வழக்கம் உண்டு. பிளேடு அறுந்தால் மெஷினில் நின்றவன்தான் குற்றவாளி. முதலாளி காசிலிங்கம் அண்ணாச்சி அதற்கு மேலும் ஒரு படி போனார். "குடிச்சிட்டு நின்னிருக்கான். நிதானத்துல இருந்தா இரும்புல பட்டதும் பிளேடு சத்தம் மாறுறது தெரியாதா?" என்று அவனை வேலையை விட்டு நிறுத்தி, மற்ற மில்காரர்களிடமெல்லாம் சொல்லி வைத்தார். பாண்டியராஜ் என் கடை டீயைத் தவிர வேறெதையும் தொடாதவன். எந்த மில்லும் அவனைக் கூப்பிடவில்லை. அண்ணாச்சியோ, பானு வீடியோ எடுத்து ஊர்க்கண் விழுந்துவிட்டது என்று மெஷினுக்கு மேலே ஒரு திருஷ்டிப் பூசணியைக் கட்டினார். பிளேடு தெறிக்காமல் இருக்க ஒரு மூடி போட்டாரா என்றால், இல்லை.

பானு குண்டை வீடியோ எடுத்துப் போட்டாள். புருஷன் விரல் போனதையும் அதில் சொன்னாள். இன்டர்நெட்டில் பெரிய பெரிய பக்கங்கள் அதை வெட்டி எடுத்துப் போட்டபோது குண்டு மட்டும் மிஞ்சியது, அவள் பேச்சைக் காணோம். எந்தச் சண்டை, எந்தத் துப்பாக்கி என்று லட்சக்கணக்கான பேர் அடித்துக்கொண்டார்கள். மரத்தை அறுத்தவன் என்ன ஆனான் என்று ஒரு நாதியும் கேட்கவில்லை.

அப்புறம்தான் நாசரேத்திலிருந்து ஜெஃப்ரி என்ற பையன் கேமராவோடு வந்தான். விசித்திரமான பொருட்களைத் தேடிப் போய்ப் படம் எடுக்கிறவன். அண்ணாச்சி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, குண்டு பதிந்த கட்டையைப் பிள்ளையைப் போல அணைத்தபடி நின்றார்.

"ஏளா, குண்டைப் பத்தி மட்டும் பேசு. விரல் பேச்சை எடுக்காத. ஒழுங்கா பேசினேன்னா அவனைத் திரும்பச் சேத்துக்கிடுதேன்" என்று பானுவிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அவள் பாட்டுக்கு மரத்தூளை அள்ளிக்கொண்டிருந்தாள். நானும் வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன்.

கேமரா ஓடியது. "குண்டு எப்படிக் கிடைச்சது, அக்கா?" என்று ஜெஃப்ரி கேட்டான்.

பானு வாசலைப் பார்த்து, "ஏங்க, இங்கன வாங்க" என்று கூப்பிட்டாள். பாண்டியராஜ் தயங்கித் தயங்கி வந்தான். அவன் கையைப் பிடித்துக் கட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது பிளேடு குண்டுல பட்ட இடம். இது அந்தப் பிளேடு இவர் மேல பட்ட இடம். குண்டைப் பாத்தீயள்ல, இதையும் பாருங்க."

"ஏலே, நிறுத்துலே!" என்று அண்ணாச்சி ஜெஃப்ரியைப் பார்த்துக் கத்தினார். பையன் பயந்து கேமராவை இறக்கினான். பானு இடுப்பிலிருந்து தன் போனை எடுத்து, வீடியோவை ஓடவிட்டு நீட்டிப் பிடித்தாள்.

"உம் புருசனுக்கு வேலை வேணுமா, வேண்டாமா?" என்றார் அண்ணாச்சி.

அவள் வாயைத் திறப்பதற்குள் பாண்டியராஜ் பேசினான். அடிபட்ட நாளிலிருந்து அவன் இவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதில்லை.

"வேலை கெடக்கட்டும் அண்ணாச்சி. நான் குடிச்சிருந்தேன்னு ஊரு பூரா சொன்னியள்லா? அதை என் மூஞ்சியப் பாத்து, இந்தப் போன்ல ஒருவாட்டி சொல்லுங்க."

அண்ணாச்சி கட்டையைப் பார்த்தார், பூசணியைப் பார்த்தார், என்னைக்கூடப் பார்த்தார். அவன் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"சொல்லுங்க அண்ணாச்சி," என்றாள் பானு. "ஓடிக்கிட்டுதான் இருக்கு."