நிலத்திலை படு

மகள் வடக்கே வேலை செய்கிறாள் என்றால் இங்கே குடியேறிய எங்கள் சனம், "ஸ்ரௌவ்வில் பக்கமோ?" என்று கேட்கும். காரில் அரை மணியில் போய்விடும் ஸ்ரௌவ்வில் இல்லை, விமானம் மாறி மாறிப் போகவேண்டிய துருவக் கரை. அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உறைந்து கிடந்த மண் இப்போது இளகுகிறது. உள்ளே உக்காமல் கிடந்த செடிகொடியெல்லாம் உக்கி அழுகத் தொடங்கி, மீதேனும் கரியமில வாயுவுமாக மேலே வருகிறது. அதை அளப்பதுதான் அவளுடைய வேலை. டொக்ரராக்க நினைத்த பிள்ளை சேற்றுக்குள் நிற்கிறாளே என்று நான் எரிந்து விழாத நாள் இல்லை.

கடந்த கோடையில் ஒரு சனிக்கிழமை, நாங்கள் குடியிருக்கும் அஜின்கோர்ட்டில் மீன்கடைக்கு முன்னால் காருக்குள் இருந்தேன். மனைவி உள்ளே மீன் வெட்டுவித்துக்கொண்டிருந்தாள். மகள் வீடியோவில் வந்தாள். அவளுக்குப் பின்னால் மலைச்சரிவு பாதியாக அறுந்து, கறுப்பாக ஒழுகிக்கொண்டிருந்தது.

"அப்பா, லுக். போன வருஷம் நாங்கள் நிண்ட இடம். இப்ப இல்லை."

அந்த நேரம் பார்த்துப் படீரென்று ஒரு சத்தம். படம் ஆடியது. எனக்கு நன்றாகப் பழகிய சத்தம் அது. நான் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துபோயிற்று.

"நிலத்திலை படு! பிள்ளை, விழுந்து படு!" என்று கத்தினேன். பக்கத்துக் காரில் ஏற வந்த பெண்மணி சாமான் பையைக் கீழே போட்டுவிட்டார்.

யாழ்ப்பாணத்தில் ஷெல் விழுந்த நாட்களில் எங்களைக் காப்பாற்றியது நிலம்தான். குப்புறப் படுத்தோம். பங்கர் என்று பதுங்குகுழி வெட்டி அதற்குள் இறங்கினோம். பயத்துக்கு என் உடம்பு அறிந்த மருந்து அது ஒன்றுதான்.

மகள் மூச்சு வாங்கியபடி திரும்பவும் திரையில் வந்தாள். முகமெல்லாம் சேறு.

"என்னப்பா சொல்லுறீங்கள்? நிலம்தான் இடிஞ்சு விழுந்தது. படுத்திருந்தா நானும் அதோடை போயிருப்பன்."

போனை ஸ்ரேரிங்கில் சாத்தி வைத்தேன்.

"உடனை வெளிக்கிட்டு வீட்டை வா. வேலையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்."

"வந்து? இந்த மீதேன் காஸ் இங்கை மட்டும் நிக்காதப்பா. உங்கை நீங்கள் இருக்கிற இடத்தையும் சூடாக்கும், எல்லா இடமும் சூடாக்கும். சூடு கூடக்கூட இங்கை இன்னும் இளகும்."

"அப்ப எப்ப நிக்கும்?"

பங்கருக்குள் நான் அம்மாவிடம் கேட்ட அதே கேள்வி. அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் என் தலையைத் தடவி, "இப்ப நிண்டிடும்" என்பார். சில நாட்களில் உண்மையிலேயே நின்றது. வெளியே வந்து சோறு சமைத்தோம்.

எதற்கும் வாய்க்கு வாய் பதில் வைத்திருக்கும் மகள் முகத்துச் சேற்றைச் சட்டைக் கையால் துடைத்தாள்.

"தெரியாதப்பா," என்றாள். "எனக்கும் பயமாக் கிடக்கு."

இப்ப நிண்டிடும் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அதை அளக்கிறவளே அவள்தான். அவளிடம் அந்தப் பொய்யைச் சொல்ல முடியவில்லை.