சோபாவுக்குப் பொருந்தாத மலை

எங்கள் தொழிலில் படத்தைப் பார்த்துப் படம் வாங்குகிறவர்கள் கம்மி. சுவரைப் பார்த்துத்தான் வாங்குவார்கள்.

பிறர் வீட்டுக் கூடத்தை நம்பிப் பிழைத்த படக்காரர்களோ, தச்சர்களோ, திரைத்துணி தைத்தவர்களோ இதைப் படித்தால் என் கஷ்டம் உடனே புரியும். மற்றவர்கள் கொஞ்சம் இரக்கப்பட்டால் போதும். எழுபதுகளின் நடுவில் திருவண்ணாமலை தேரடித் தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் கடை வைத்திருந்தேன். வயிற்றுக்கு போர்டு எழுதுவேன், சுவருக்கு டிஸ்டெம்பர் அடிப்பேன், கூடத்தில் மாட்ட சீனரி வரைவேன். ஊரில் புது வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். வீட்டுக்கு ஒரு சோபா, ஒரு ஷோகேஸ், ஒரு சீனரி என்பது வழக்கமாகியிருந்தது. சோபாவும் கட்டிலும் செய்தவர் பக்கத்துக் கடை கரீம் பாய். நாலு தலைமுறையாக இந்த ஊர்க்காரர். ஒரு வீட்டில் சோபாவை இறக்கினால், சுவர் மொட்டையாக இருக்கிறதே என்று ஒரு வார்த்தை போட்டு, எனக்கும் வேலை பிடித்துக்கொண்டு வருவார்.

யாரும் கேட்காமல் நானே வரைந்த படம் ஒன்று கடையில் இருந்தது. ஐந்தடிக்கு மூன்றடி, எண்ணெய்ச் சாயம். மலைக்குப் பின்னால் இருக்கிற அடி அண்ணாமலை கிராமத்திலிருந்து நடுப்பகலில் தெரிகிற மலை. கோபுரம் இல்லை, தீபம் இல்லை, நிலா இல்லை. பாறையும் காய்ந்த புல்லும் வெயிலும் மட்டும். நான் வரைந்ததிலேயே அது ஒன்றுதான் சரியாக வந்தது. ஒரு கோடுகூட மாறாமல் அது ஏதாவது ஓர் அறையில் தொங்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்காக நான் பட்ட பாடுதான் கீழே.

பெண் பார்க்கும் சோபா

முதலில் ஆசைப்பட்டவர் ஒரு அரிசி மில்காரர். அவர் கூடத்தில் கரீம் பாய் செய்த மெரூன் ரெக்ஸின் சோபா, வெளிர் பச்சைச் சுவர். படத்தைச் சோபாவுக்கு மேலே பிடித்துக் காட்டினோம். மில்காரர் தலையாட்டினார். உள்ளேயிருந்து அவர் மனைவி வந்து, இடுப்பில் கைவைத்தபடி சோபாவையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மலை பழுப்பு, சோபா மெரூன், இரண்டில் ஒன்று இறங்கி வர வேண்டும் என்பது அவர் தீர்ப்பு. மலையின் நிறமே அதுதானம்மா, ஜன்னலைத் திறந்தால் தெரியுமே என்றேன். ஜன்னலையும் திறந்து பார்த்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார்: "மலை நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா சோபா எங்க பொண்ண பாக்க வர்றவங்க உக்கார்றதுக்குச் செஞ்சது, அத மாத்த முடியாது. மலைய வேணா கொஞ்சம் செவப்பாக்கிக் குடுத்துடுங்க."

ஒழுகலின் அளவு

அடுத்தவர் ஒரு ரிட்டயர்ட் தாசில்தார். படத்தைப் பார்ப்பதற்கு முன்பே அளவைக் கேட்டார். சொன்னதும் முகம் மலர்ந்தது. விஷயம் தெரிந்தவர் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குத் தூக்கிப் போனேன். போனபிறகுதான் தெரிந்தது, மொட்டை மாடி ஒழுகி அவர் முன்னறைச் சுவரில் பெரிய கறை. சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. அதை மறைக்க ஆள் தேடியிருக்கிறார்.

முதலில் மாடி ஒழுகலை அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் படம் பூஞ்சை பிடித்துவிடும் என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. படத்தை ஏற்றினால் கறை கீழே தெரிந்தது, இறக்கினால் மேலே தெரிந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே உத்தரவு போட்டார்: "மேல ஒரு சாண் பத்தல பெயின்டரே. வானம்தானே, சேத்துக் குடுங்க. இந்த ஐப்பசிக்கு இன்னும் ஒழுகும், அதுக்கும் சேத்து ஜாஸ்தியாவே வெச்சிடுங்க."

வெள்ளைச் சுவர்

செங்கம் ரோட்டில் வாடகைக்கு அறை எடுத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஒரு நாள் கடைக்கு வந்தார். வேட்டி, வெறுங்கால், நாலைந்து வருஷத் தமிழ். மலைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தவர் முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை. நான் போர்டு எழுதுவதை நிறுத்திவிட்டேன். கரீம் பாய் ஒரு டீயை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, ஆள் கிடைத்துவிட்டார் என்பதுபோல் எனக்குக் கண்ணைக் காட்டினார்.

எழுந்தவர் படத்தைக் கும்பிட்டுவிட்டு, தன் அறைக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்றார். போனேன். ஒரு பாயும் ஒரு செம்பும் தவிர அறையில் எதுவும் இல்லை. நாலு சுவரும் அடித்து முடித்ததும், வெறும் சுவருக்கு எதிரே அதேபோல் உட்கார்ந்துவிட்டார். நான் அடித்த சுண்ணாம்பின் மேல் எனக்கே பொறாமையாக இருந்தது. அந்த மலையை இங்கே மாட்டலாமே என்று கேட்டுப் பார்த்தேன். வார்த்தை தேடித் தேடிச் சொன்னார்: "படம் ரொம்ப நல்லா இருக்கு. ஆனா மலை ஜன்னல்ல இருக்கு. சுவர் சும்மா இருக்கட்டும், பாவம்."

அசையாத மலை

எண்பதுகளில் ஒரு பேங்க் ஆபீசர் படத்தை அப்படியே வாங்கிப்போனார். சோபாவைப் பற்றிப் பேசவில்லை, சுவரை அளக்கவில்லை. அவர் ஹாலில் மாட்டிவிட்டு வந்த அன்று வீட்டில் கேசரி கிண்டச் சொன்னேன். நாலாவது மாசம் அவர் வீட்டுக்கு டிவி வந்தது. ஆன்டெனா ஒயர் இறங்கிய இடம் மலை இருந்த சுவர். மலை சாப்பாட்டு மேசைக்கு மேலே போய், அங்கிருந்து மாடிப்படிக்குப் போய், கடைசியில் ஸ்டோர் ரூமுக்குப் போயிருக்கிறது. அங்கே வீணாகக் கிடக்க வேண்டாமென்று போர்வையில் சுற்றிக் கடைக்கே கொண்டுவந்துவிட்டார். ஒரு கீறல் இல்லை. படத்தில் என்ன குறை என்று கேட்டேன். மனுஷர் நெளிந்தார். "கொறைனு ஒண்ணும் இல்ல சார். பசங்க டிவி பாத்துப் பழகிட்டாங்க. உங்க மலை எப்பப் பாத்தாலும் ஒரே மாதிரி இருக்குதுனு சொல்றாங்க."

கால் நீட்டும் பக்கம்

பிறகு செங்கம் ரோட்டில் ஒரு லாட்ஜ் வந்தது. அதில் பெரிய அறை ஒன்றை முதலாளி எங்கள் இருவர் பொறுப்பில் விட்டார். கட்டில், கண்ணாடி, மேசை கரீம் பாய்க்கு. சுவரும் படமும் எனக்கு. நிஜ மலை லாட்ஜுக்கு வடக்கே. இந்த ஊரில் மலையே சாமி, அந்தப் பக்கம் யார் காலும் நீளக் கூடாது என்று பாய் கட்டிலைக் கிழக்கு மேற்காகப் போட்டு, தலைமாட்டுப் பலகையை மேற்குச் சுவரோடு ஸ்க்ரூ வைத்து முடுக்கினார். எதிர்ச் சுவரில் என் மலையை மாட்டினேன். தங்குகிறவர்கள் அதில்தான் கண் விழிப்பார்கள் என்று இரண்டு பேருக்கும் பெருமை. நிஜ மலைக்காக அவ்வளவு யோசித்தவர்கள், படத்தில் இருப்பதும் அதே மலைதான் என்பதை யோசிக்கவில்லை.

முதல் பௌர்ணமிக்கு வந்த குடும்பம் கட்டிலில் படுக்கவே இல்லை. மலைக்கு நேராகக் கால் நீட்ட மனம் வராமல், ஆறு பேரும் தரையில் தலைமாற்றிப் படுத்து எழுந்து, காலையில் முதலாளியைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு ஆள் வந்தது. படத்தை இறக்கச் சொல்வார் என்று போனேன். அவர் சொன்னது அதைவிட மோசம். முன்னால் ஒரு ஏரி, இரண்டு தென்னை மரம், ஒரு படகு போட்டுவிட்டால் அது ஏதோ ஒரு மலை ஆகிவிடும், யாரும் தாராளமாகக் கால் நீட்டலாம் என்றார். எனக்கும் அலுத்துப்போயிருந்தது. பத்து வருஷமாகத் தூக்கிச் சுமந்த படம். ஸ்டூலில் ஏறி, பச்சையைக் குழைத்துத் தூரிகையை எடுத்தேன். கை போகவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுகை வந்தது.

பின்னால் ஸ்க்ரூ கழற்றும் சத்தம் கேட்டது. என்கூட வந்திருந்த கரீம் பாய் யாரையும் கேட்காமல் தலைமாட்டுப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார். தலைமாடு படத்துப் பக்கம் வரும்படி கட்டிலைத் திருப்பினால் ஸ்விட்ச் எட்டாது, கண்ணாடியில் வெளிச்சம் விழாது, மேசை கதவில் இடிக்கும் என்று முதலாளி அடுக்கினார். எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறேன், மூன்று நாள் கொடுங்கள் என்றார் பாய். ஒரு படத்துக்காக ரூமையே புரட்டிப்போடுவார்களா என்று முதலாளி சத்தம் போட்டார். பாய் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கட்டில் நான் செஞ்சது மொதலாளி, எந்தப் பக்கம் போட்டாலும் கட்டில்தான். இவரு அதுல ஒரு தென்னமரம் போட்டுட்டா, அப்பறம் அந்த மலைய யாராலயும் செய்ய முடியாதுங்க."

மூன்றாம் நாள் அறை முழுவதும் படத்துக்கு ஏற்றபடி மாறி, என் மலை ஒரு கோடும் குறையாமல் அங்கேயே தொங்கியது, வந்து தங்கியவர்கள் எல்லாரும் மரியாதையாக அதன் பக்கம் தலை வைத்துப் படுத்ததில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.