பிரேமளா டீச்சரின் குப்பைத்தொட்டி

பிரேமளா டீச்சரின் வலது கை முழங்கை வரை குப்பைத்தொட்டிக்குள் இருக்கிறது. பென்சில் சீவலையும் மிட்டாய்த் தாளையும் விலக்கி, கசங்கிய கணக்குத் தாள்களை மட்டும் பொறுக்கி எடுத்து, மேசைமேல் வைத்து உள்ளங்கையால் நீவுகிறார். கட்டியிருப்பது மடிப்புக் கலையாத பருத்திப் புடவை. அதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை.

குளுவாங்கில் பேர்போன பெரிய பள்ளியில் கணக்கு டீச்சர் அவர். புதன்கிழமைதோறும் தன் பழைய காரில், பாலோவுக்கு அப்பால் செம்பனைத் தோட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் இந்தச் சின்னத் தமிழ்ப்பள்ளிக்கு வருகிறார். இருபத்து மூன்று பிள்ளைகள். கணக்கில் பாதிப் பேர் தேறுவதில்லை. கைதூக்கிவிட, பெரிய பள்ளி டீச்சரைக் கொடுத்தது. மூவாரிலிருந்து ஒரு நாற்காலித் தொழிற்சாலை மேசை, நாற்காலி, பயிற்சிப் புத்தகம் எல்லாம் கொடுத்தது. ஆண்டு முடிவில் தொழிற்சாலை ஆள் வந்து பார்த்து, டீச்சர் வருவதையும் சேர்த்து இந்த உதவியைத் தொடரலாமா நிறுத்தலாமா என்று எழுதுவார்.

முதல் மாதம் நோட்டுகளைத் திறந்தவருக்குத் தலை சுற்றியது. முத்து முத்தான எழுத்து. மருந்துக்கும் ஒரு தப்பு இல்லை. இப்படிப் போடுகிற பிள்ளைகள் சோதனையில் எப்படிக் கோட்டை விடுகிறார்கள்? அந்த யோசனையோடு நின்றபோதுதான் தொட்டி கண்ணில் பட்டது. பிள்ளைகள் தனித்தாளில் போட்டுப் பார்த்து, கசக்கி எறிந்துவிட்டு, பலகையில் விடை வந்ததும் அழகாக நோட்டில் இறக்கியிருந்தார்கள். 402இல் 178ஐக் கழிக்கச் சொன்னதற்கு நான்கு தாள்களில் 376. இரண்டிலிருந்து எட்டு போகாதே என்று, எட்டிலிருந்து இரண்டைக் கழித்திருந்தார்கள். டீச்சருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

“நாலு பேரு, ஒரே தப்பு. சும்மா கிறுக்கல சார், யோசிச்சிருக்காங்க,” என்று தலைமையாசிரியர் ஜெயபாலனிடம் காட்டினார். ஜெயபாலன் வெட்கப்பட்டுப்போய், அடுத்த புதனுக்குத் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

டீச்சர் சிரித்துக்கொண்டே தொட்டியை நிமிர்த்தினார். அழிப்பான்களை எல்லாம் வாங்கி மைலோ டின்னில் போட்டு மூடினார். தொழிற்சாலை தன் பெயர் அச்சிட்டுக் கொடுத்த அழிப்பான்களும் அதற்குள்தான். “தப்புனா ஒரு கோடு போடு, பக்கத்துல திரும்பப் போடு. அழிச்சிட்டா எங்க வழி மாறுனேன்னு உனக்கே தெரியாதுலா.” அப்படியும் ஓரிருவர் இன்னும் கசக்கி எறிகிறார்கள். அவர் கையும் இன்னும் தொட்டிக்குள் போகிறது.

போன வருடக் கடைசியில் தொழிற்சாலையிலிருந்து விஜயேந்திரன் வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் சுத்தம் பார்ப்பவர். நோட்டைப் புரட்டப் புரட்ட முகம் சுருங்கியது. பக்கத்துக்குப் பக்கம் கோடு. இதற்கு முந்தைய வருட நோட்டுகளே தேவலையே என்று ஜெயபாலனிடம் கேட்டார். விஜயேந்திரன் தான் நிரப்பிக் கொடுக்கவேண்டிய அச்சிட்ட பாரத்தை எடுத்து, ‘நிறுத்தலாம்’ என்று எழுதினார்.

இனிப் புதன்கிழமை கிடையாது என்றால் இந்த இருபத்து மூன்று பேரை யார் பார்ப்பது? வாதாடுகிற பழக்கம் டீச்சருக்கில்லை. நான்காம் ஆண்டு படிக்கும் லோஷினியைக் கூப்பிட்டு, “சார் முன்னாடி ஒரு கணக்குப் போடும்மா,” என்று 5003இலிருந்து 1647ஐக் கழிக்கச் சொன்னார்.

லோஷினி போட்டாள். விடையோடு 1647ஐக் கூட்டிச் சரிபார்த்தாள். 5113 வந்தது. ஒரு கோடு. மறுபடி போட்டுக் கூட்டினாள். 5013. இன்னொரு கோடு. யார் முகத்தையும் பார்க்கவில்லை. மூன்றாம் முறை கூட்டியபோது 5003 வந்தது. பென்சிலை வைத்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

விஜயேந்திரன் அந்தத் தாளைத் தன் பக்கம் திருப்பி வைத்து, இரண்டு கோடுகளுக்கும் அடியில் இருந்ததை வெகுநேரம் படித்தார்.

“தப்புன்னு யாருமே சொல்லலையே,” என்றார்.

பிறகு தன் பாரத்தைப் பார்த்தார். எழுதியதை வெள்ளையடித்து மறைக்க லிக்விட் பேப்பர் இருக்குமா என்று தயங்கிக் கேட்டார். ஜெயபாலன் அலமாரிக்கு ஓடினார்.

பிரேமளா டீச்சர் தன் அடிக்கோலை எடுத்து, பாரத்தில் ‘நிறுத்தலாம்’ என்ற சொல்லின்மேல் நேராக வைத்து, விஜயேந்திரன் கோடு போடுவதற்காக இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.