பச்சைத் தண்ணீர்த் தொட்டி

மீன் பண்ணையில் பதினோரு வருஷமாக, குஞ்சுகளின் தீனிக்கு நீர்த்தெள்ளு வளர்ப்பவள் அவள். கடுகளவுகூட இல்லாத அந்தப் பூச்சிகளுக்கு இனி தீனி ஈஸ்ட் மட்டும்தான் என்று புது மேலாளர் உத்தரவு போட்டார். ஒரே வாரத்தில் தொட்டியெல்லாம் தெள்ளு மொய்த்தது. ஆனால் அதைத் தின்ற குஞ்சுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன.

"தெள்ளுலயே சத்தில்ல சார், குஞ்சுக்கு எப்படி உடம்புல ஒட்டும்?"

"உன் வேலையப் பாரு."

பார்த்தாள். கடைசித் தொட்டியில் ஈஸ்ட்டை நிறுத்திவிட்டு, வெயிலில் பாசி பிடித்த பச்சைத் தண்ணீரை ஊற்றினாள். தெள்ளு குறைவுதான், ஆனால் ஒவ்வொன்றின் வயிறும் பச்சை. அதைத் தின்ற குஞ்சுகள் துள்ளின.

விஷயம் தெரிந்து மேலாளர் எகிறினார். "யாரக் கேட்டு மாத்துன?"

"மீனக் கேட்டேன் சார். உங்க ஈஸ்ட்டு மீனயும் கேட்டிருப்பேன், ஒண்ணுகூட உயிரோட இல்ல."