கடைசிப் பக்கத்து நீதிபதி

டெக்சஸில் நீதிபதிக்கும் தேர்தல் உண்டு. கட்சி உண்டு, புல்வெளியில் குத்திவைத்த பெயர்ப் பலகை உண்டு. இதைக் கேட்ட நாளிலிருந்து என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஜட்ஜே வந்து ஓட்டு கேக்கறாரா? அப்ப கோர்ட் டவாலியும் நிப்பானா?" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கீழ் வீட்டுப் பெண்ணுக்கு அது சிரிப்பாக இல்லை. விவாகரத்து வழக்கு. நாலு வயதுப் பையன் தீர்ப்பு வரும்வரை அப்பாவிடம். இவளிடம் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், சனி ஞாயிறு மட்டும். நீதிபதியோ விசாரணையைத் தள்ளிவைத்துக்கொண்டே போனார். அவரை எதிர்த்து நிற்கும் பெண்மணி வந்தால் சீக்கிரம் முடியும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அவள் விசாவில் இருந்தாள், ஓட்டு இல்லை. எனக்கு கிரீன் கார்டு, எனக்கும் இல்லை. அந்த வருஷம்தான் சிட்டிசன் ஆகியிருந்த என் வீட்டுக்காரர்தான் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே வாக்காளர்.

"அண்ணா, ஓட்டு மெஷின்ல எல்லா போஸ்ட்டும் தாண்டி, ஜட்ஜ் பேரு கடைசிப் பக்கத்துலதான் வரும். மறந்துடாதீங்க, ப்ளீஸ்," என்று மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் கெஞ்சினாள்.

"டோன்ட் வொரி மா. அந்த ஆள வீட்டுக்கு அனுப்பறது என் பொறுப்பு," என்றார் என் வீட்டு மகராசன்.

ஓட்டுப் போட்டுவிட்டு, சட்டையில் 'ஓட்டுப் போட்டேன்' ஸ்டிக்கரோடு வந்தார். "ரெண்டே நிமிஷம்! கட்சி பேர்ல ஒரு பட்டன். எல்லா போஸ்ட்டுக்கும் சேர்த்து ஓட்டு போயிடுது. என்ன சிஸ்டம்!"

எனக்குப் பகீரென்றது. "அந்த ஜட்ஜ் எந்தக் கட்சிங்க?"

சட்டை ஸ்டிக்கரைத் தடவிக்கொண்டார். ஜட்ஜும் இவருடைய கட்சியேதான். ஊரில் சின்னத்தைப் பார்த்துக் குத்திப் பழகிய கை. கடைசிப் பக்கம்வரை போக அதற்குப் பொறுமை ஏது? ஈராக் போரிலிருந்து பெட்ரோல் விலைவரை ஒரு வருஷமாக டிவி முன்னால் அலசிய மனுஷன்! ஆத்திரத்தில் கையிலிருந்த கரண்டியை சிங்கில் எறிந்தேன்.

"ஒரு ஓட்டுல என்ன ஆயிடப் போவுது?" என்றார். ஒன்றும் ஆகவில்லைதான். அந்த நீதிபதி ஏகப்பட்ட வித்தியாசத்தில் ஜெயித்தார். "பாத்தியா, நான் சொல்லல?" என்று அதையும் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டார். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அடுத்த மாதம் விசாரணை மறுபடி தள்ளிப்போயிற்று. கோர்ட்டிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஞாயிறு சாயங்காலம் கொண்டுபோய் விடும்போது பையன் காரைவிட்டு இறங்கவே மாட்டேனென்கிறான் என்று சொல்லி அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"விடுங்கக்கா. இந்த ஊர்ல எனக்குன்னு யாரு இருக்கா? அண்ணா ஒருத்தராவது எனக்காக ஓட்டு போட்டாரே," என்று அவரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அவர் செல்போன் அடித்ததுபோலப் பாவனை செய்துகொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். நான்தான் அவள் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.