ஐம்பத்தொரு சதவீதத்துக்கு ஒரு நிபந்தனை

தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூரில் ஒரு கம்பெனிச் சட்ட ஆலோசகரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். கம்பெனி செகரட்டரி படிப்பை அப்போதுதான் முடித்திருந்தேன். சில தொழில்களில் வெளிநாட்டுக்காரர்கள் ஐம்பத்தொரு சதவீதம் வரை பங்கு வாங்கலாம், ரிசர்வ் வங்கியே அனுமதி கொடுத்துவிடும் என்று விதி மாறியிருந்த காலம்.

சூலூர்ப் பக்கம் மோட்டார் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் அந்த ஐம்பத்தொரு சதவீதத்தைக் கேட்டு இத்தாலிக்காரர்கள் வந்தார்கள். முதலாளிக்குச் சம்மதம். அவர் மனைவி பெயரிலும் பங்கு இருந்ததால் கையெழுத்துப் போட அந்த அம்மாவும் எங்கள் ஆபீசுக்கு வந்தார். இத்தனை வருடமும் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர், அன்று பேனாவை மூடி வைத்தார்.

“ஏனுங்க அம்மணி, அம்பத்தொண்ணு அவிங்களுக்குப் போச்சுன்னா, அப்புறம் எங்க பேச்சு எடுபடுமுங்களா?”

அப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. உற்சாகமாகிவிட்டேன். சாதாரணத் தீர்மானத்துக்குப் பாதிக்கு மேல் ஓட்டு போதும். சிறப்புத் தீர்மானத்துக்கு முக்கால் பங்கு வேண்டும். உங்கள் நாற்பத்தொன்பதும் எதிர்த்தால் அது நிறைவேறாது என்று விளக்கினேன்.

“ஃபேக்டரிய வேற ஊருக்குக் கொண்டு போறதுங்க?”

“அதை இயக்குநர்களே முடிவு பண்ணிக்கலாமுங்க. சிறப்புத் தீர்மானம் வேணும்னு கம்பெனி விதியில எழுதி வெச்சாத்தான் தடுக்க முடியும்.”

“அப்ப எழுதிப்போடு கண்ணு.”

முதலாளி பதறி மனைவி பக்கம் திரும்பினார். “வந்தவிங்க திரும்பிப் போயிருவாங்க அம்மணி!”

“போனாப் போகட்டுமுங்க” என்றார் அந்த அம்மா.

அடுத்த வாரம் ஃபேக்டரியிலேயே பேச்சுவார்த்தை. புதிய நிபந்தனையைப் படித்த இத்தாலிக்காரர் காரணம் கேட்டார். அந்த அம்மா தமிழில் சொல்ல, நான் இங்கிலீஷில் சொன்னேன். மோட்டாருக்குச் செப்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிற பெண்கள் எல்லாம் சுற்றுவட்டாரத்திலிருந்து சைக்கிளில் வருகிறவர்கள். ஃபேக்டரி தள்ளிப் போனால் அவர்களால் கூடப் போக முடியாது. அவ்வளவுதான் காரணம்.

இத்தாலிக்காரர் எழுந்து ஷெட்டுக்குள் போனார். ஒரு பெண்ணின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தானும் கம்பியைச் சுற்றிப் பார்த்தார். நான்காவது சுற்றிலேயே சிக்கல். அந்தப் பெண் அதைப் பிடுங்கிப் பிரித்துச் சரியாகச் சுற்றிக் கொடுக்க, ஷெட்டே சிரித்தது. அவரும் சிரித்தார். திரும்பி வந்து, “இவர்களை விட்டுவிட்டு நான் எங்கே போவது?” என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ரிசர்வ் வங்கியின் அனுமதிக் கடிதம் வந்ததும் அந்த அம்மாவை இயக்குநராகச் சேர்த்தார்கள். முதல் கூட்டத்துக்கான அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் ஆபீசுக்கே வந்துவிட்டார். ஓரமெல்லாம் பென்சிலில் கேள்விகள்.

“பதினோரு சந்தேகம் இருக்குது கண்ணு. காப்பி சொல்லு, ஒண்ணொண்ணாக் கேக்கறேன்.”

மூன்றாவது சந்தேகத்துக்கே எனக்குப் பதில் தெரியவில்லை. இருவரும் சேர்ந்து சட்டப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினோம்.