லினக்ஸ் போர்டும் ஒரு வாளித் தண்ணீரும்

இந்த ஊர் ரொட்டிக் கடையில் நாம் கேட்ட ரொட்டி தீர்ந்துபோயிருந்தால், அங்கே நிற்கும் பெண் "நைன்" என்பாள். இல்லை என்று பொருள். முகத்தில் வருத்தம் இராது, நாளைக்கு வாருங்கள் என்ற ஆறுதல் இராது. அதற்குள் அவள் பார்வை எனக்குப் பின்னால் நிற்பவரிடம் போயிருக்கும். தெற்கு ஜெர்மனிக்கு வந்த புதிதில் அந்த ஒரு சொல்லுக்காகக் கோபித்துக்கொண்டு வேறு கடை தேடிப் போயிருக்கிறேன். அலுவலகத்தில் கதை வேறு. வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா என்று மேலாளர் கேட்டார். "பார்க்கலாம்" என்று அவர்கள் மொழியில் சொன்னேன். கோயமுத்தூர்க்காரர் எவருக்கும் அது முடியாது என்று புரிந்திருக்கும். அவர் முடியும் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பத்து வருடங்களில் நானும் நைன் சொல்லக் கற்றுக்கொண்டேன். அப்படிச் சொல்லத் தெரியாதவர்களை மட்டமாக நினைக்கவும் கற்றுக்கொண்டேன். வெளிநாட்டில் கொஞ்சம் காலூன்றிய நம்மவர்களுக்கு வரும் வியாதி இது. விடுமுறைக்கு ஊருக்குப் போய், விமான நிலையத்துக் கழிப்பறையிலேயே குறை சொல்ல ஆரம்பித்து, தண்ணீர் பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொந்தக்காரர் வீடுகளில் மூக்கைச் சுளிக்கும் கூட்டம். இதைப் படிக்கும் சிலருக்குச் சுடும், சுடட்டும். அந்தக் கூட்டத்திலும் என்னைவிடக் கேவலமாக நடந்துகொண்டவன் இருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு சித்திரை மாதம், ஆறு வார விடுப்பில் கோவை வந்தேன். என்னோடு பொறியியல் படித்த ரங்கராஜ் சரவணம்பட்டியில் ஒரு ஷெட் போட்டு, மில் இயந்திரங்களுக்குக் கன்ட்ரோல் பெட்டிகள் செய்துகொண்டிருந்தான். நூல் சுற்றும் இயந்திரத்துக்குள் ஒரு சின்னக் கம்ப்யூட்டரை வைக்க வேண்டும் என்பது அவன் ஆசை. அதற்காக உள்ளங்கை அளவு போர்டு ஒன்றை ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்திருந்தேன். அதில் லினக்ஸ் ஓடும். கம்ப்யூட்டர் என்றால் விண்டோஸ் மட்டும்தான் என்று ஊர் நம்பியிருந்த காலம். பல்லடத்து மில் முதலாளி ஒருவர் வந்து பார்ப்பதாக இருந்தார். அவர் கண் முன்னால் ஓடிவிட்டால் அவருடைய எல்லா இயந்திரங்களுக்கும் ரங்கராஜின் பெட்டிதான். "ரெண்டு நாள் வேலை" என்று அவனிடம் சொல்லியிருந்தேன்.

போர்டுக்குத் திரையும் கிடையாது, விசைப்பலகையும் கிடையாது. சீரியல் கேபிள் வழியாக இன்னொரு கம்ப்யூட்டரோடு இணைத்து, அதன் திரையில்தான் பேச வேண்டும். சுவிட்சைப் போட்டால் எழுத்துகள் வரிவரியாக ஓட வேண்டும். ஒரு எழுத்தும் வரவில்லை. ஷெட்டில் இருந்த கம்ப்யூட்டரைத் திட்டினேன். பிறகு மின்சாரத்தை, பிறகு வெயிலை, கடைசியில் நாட்டையே திட்டினேன். இரண்டாம் நாள் மதியம், ஷெட்டின் எலக்ட்ரீஷியன் அந்தோணி பக்கத்தில் வந்து நின்றார். என் வயதுக்காரர், அதிகம் பேசாதவர்.

"ஏனுங்க சார், ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"என்ன?"

"இந்தப் பக்கம் பேசற கம்பி, அந்தப் பக்கம் பேசற கம்பியிலயே போயி முட்டுதுங்களே. ரெண்டு பேரும் பேசிட்டே இருந்தா கேக்கறது யாருங்க?"

"எங்கூட்டுல தெனமும் அதேதான் நடக்குது அந்தோணி" என்றான் ரங்கராஜ்.

தவறான கேபிளைக் கொண்டுவந்திருந்தது நான்தான். அந்தோணி இரண்டு கம்பிகளை வெட்டி, மாற்றிப் போட்டு, ஈயம் வைத்தார். எழுத்துகள் வந்தன. முதலில் குப்பையாக வந்தன; வேகத்தைச் சரிசெய்ததும் ஒழுங்காக ஓடின. கடைசியில் பெயரைக் கேட்டபடி கர்சர் கண்சிமிட்டி நின்றது. நான் அவருக்கு நன்றி என்று ஒரு சொல் சொல்லவில்லை. "கேபிள் சரிசெய்யப்பட்டது" என்று குறிப்பேட்டில் எழுதினேன். சரிசெய்த ஆளுக்கு அந்த வாக்கியத்தில் இடமில்லை.

அடுத்து என் கண்ணில் பட்டது எர்த் குழி. இயந்திரங்களில் கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்குவதற்காக ஷெட்டுக்குப் பின்னால் கரியும் உப்பும் போட்டு மூடி, சிமெண்ட் வளையம் வைத்திருந்தார்கள். தினமும் காலையில் அந்தோணி அதில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவார். சிலுவை போட்டுக்கொண்டு வேலையை ஆரம்பிப்பவர் அவர். ஆகவே என் கிண்டல் தயாராக இருந்தது.

"இது எந்தப் புனிதருக்கு அந்தோணி?"

"கரண்டுப் புனிதருக்குங்க சார். கோவிச்சுட்டாருன்னா தூக்கி வீசிப்போடுவாருங்க."

எல்லாரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்ததாக எனக்குப் பட்டது. அன்றே ரங்கராஜிடம் சொன்னேன்: பல்லடத்துக்காரர் வரும் நேரத்தில் ஒருவன் சிமெண்ட் வளையத்துக்குச் செடிக்கு ஊற்றுவதுபோலத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தால், இங்கே கம்ப்யூட்டர் செய்கிறோம் என்று யார் நம்புவார்கள்? ஜெர்மனியில் எவனும் இப்படி ஊற்றுவதில்லை. ஜெர்மனியில் வானமே ஊற்றுகிறது, மண் காய்வதே இல்லை என்பது அத்தனை படித்த என் மண்டையில் ஏறவில்லை.

ரங்கராஜ் நிறுத்தச் சொன்னதும் அந்தோணி என்னிடமே வந்தார். "வெயில் காலமுங்க சார். மண்ணு காஞ்சுபோச்சுன்னா எர்த்து புடிக்காதுங்க."

"நைன்" என்றேன், ஜெர்மனிலேயே. அவருக்குப் புரிந்துவிட்டது. "சரிங்க சார்" என்று வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

ஒரு வாரம் கழித்து மில் முதலாளி வந்தார். போர்டு அழகாக எழுந்தது. எழுத்துகள் ஓடுவதைப் பார்த்து அவர் தலையாட்டினார். நூல் சுற்றும் மோட்டாரை ஓட்டினோம். திரையில் எழுத்துகள் சிதறின; போர்டு தானாக அணைந்து மறுபடி எழுந்தது. இரண்டாம் முறை ஓட்டியபோது எழவே இல்லை. கருகல் வாடை வந்தது.

"பரவாயில்லீங்க, இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாமுங்க" என்று சொல்லி, டீயை முழுவதும் குடித்துவிட்டு அவர் கிளம்பினார். அது எத்தனை உறுதியான நைன் என்று ரங்கராஜுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவரை வழியனுப்ப எல்லாரும் வாசலுக்குப் போனார்கள். நான் மட்டும் மீட்டரை எடுத்து எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் இடையே வைத்தேன். இரண்டு மூன்று வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் முள் முப்பத்தெட்டில் நின்றது; மண்ணுக்குள் இறங்க வேண்டிய மின்சாரம் போர்டுக்குள் ஏறியிருந்தது. பின்பக்கம் போய், யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அதே வாளியால் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அளந்தேன். முள் ஐந்துக்குக் கீழே இறங்கியிருந்தது. கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டேன்.

"என்னாச்சு?" என்று ரங்கராஜ் வந்து கேட்டான்.

"உன் எலக்ட்ரீஷியன் கேபிளை வெட்டி ஒட்டினாரே, அதான்" என்றேன்.

அந்தோணி வாசலில் நின்றிருந்தார். "ஏப்பா, அப்படியா?" என்று ரங்கராஜ் அவரைக் கேட்டான். அவர் ஒருமுறை என்னைப் பார்த்தார். "சார் சொன்னா சரியாத்தானுங்க இருக்கும்" என்றார்.

அன்று சாயங்காலமே அவருக்கு வேலை போயிற்று. ஜெர்மனியில் இந்தப் பொய்யைச் சொல்ல எனக்குத் துணிவு வந்திருக்காது. மேசையிலேயே ஒருவன் நைன் என்று போட்டு உடைத்திருப்பான். அந்தோணி உடைக்க மாட்டார் என்று தெரிந்துதான் சொன்னேன். எதைப் பார்த்து அத்தனை நாள் இளக்காரமாகச் சிரித்தேனோ, அந்த மரியாதையின் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை ஊருக்கு வந்தபோது, விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பல்லடம் பக்கம், மோட்டாருக்குக் காயில் கட்டும் சின்னக் கடை. அதன் பின்னாலேயே வீடு. "வாங்க சார், வாங்க. அம்மணி, ஜெர்மனி சார் வந்திருக்காங்க பாரு" என்றார். அவர் மனைவி அடுத்த வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வாங்கிவந்து, முந்தானையால் துடைத்துப் போட்டார். நான் அதில் உட்கார்ந்தேன். அவர்கள் இருவரும் நின்றார்கள்.

"அந்தோணி, அன்னிக்குத் தப்பு என்மேலதான். தெரிஞ்சேதான் உங்கமேல போட்டேன்."

"தெரியுமுங்க சார்" என்றார். "டூல்ஸ் எடுக்கப் பின்னாடி போனேனுங்க. குழி நல்லா ஈரமா இருந்துச்சு. மழையும் பெய்யலீங்க, நானும் ஊத்தலீங்க."

"அப்ப ஏன் சொல்லல?"

"விருந்தாளியா வந்தவங்களை எப்படிங்க அப்படிச் சொல்றது?"

"மூணு மாசம் வேலையில்லாம கெடந்தாருங்க" என்றார் அவர் மனைவி.

"நீ சும்மாரு. சார், மோர் குடிங்க."

கோவையில் பிறந்து வளர்ந்தவன் நான். அவர் வாய் திறந்து ஒரு வார்த்தை திட்டியிருந்தால் ஊர்க்காரனாக எழுந்து வந்திருப்பேன். ஜெர்மனியில் முப்பது வருடம் என்னை முகத்துக்கு நேரே திட்டினார்கள். ஒருவரும் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. இங்கே வீட்டுக்குள் உட்கார வைத்தார்கள், திட்டத்தான் ஆளில்லை. மோரைக் குடித்துவிட்டு எழுந்தேன். அந்தோணி கார் வரை வந்து கதவைச் சாத்தினார். வளைவில் திரும்பும்போது பார்த்தேன். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு, அவர் மனைவி அடுத்த வீட்டுக்குத் திருப்பிக் கொடுக்கப் போய்க்கொண்டிருந்தார்.